கேரவன் மின்சாரம்: புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனை வாங்கிய முதல் சில மாதங்களில் வரும் மின்சாரத் தொல்லைகளில் உண்மையான பழுது குறைவு. எது பேட்டரியில் ஓடுகிறது, எது வெளி மின்சாரத்தில் ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்காததாலும், ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டிப் பார்க்காததாலும் வருபவையே அதிகம். கீழே வரும் கணக்குகள் 230 வோல்ட் மின்சாரத்துக்கானவை. 120 வோல்ட் உள்ள நாடுகளில் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், பிளக்கும் மாறும். 12 வோல்ட் பகுதி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கேரவனுக்குள் எத்தனை வகை மின்சாரம் ஓடுகிறது?

இரண்டு. ஒன்று பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டிசி. விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, கன்ட்ரோல் பேனல், ஹீட்டருக்கும் பிரிட்ஜுக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எல்லாம் இதில் ஓடும். மற்றது கேரவனை நிறுத்தித் தங்கும் முகாமின் மின்பெட்டியிலிருந்து கேபிள் வழியாக வரும் 230 வோல்ட் ஏசி. சுவர் பிளக்குகள், மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டரின் காயில், பிரிட்ஜின் ஏசி காயில் எல்லாம் இதைச் சேர்ந்தவை.

இரண்டுக்கும் நடுவே இருப்பது சார்ஜர். அது 230 வோல்ட்டை 12 வோல்ட் பக்கத்துக்குத் தக்கபடி இறக்கி, பேட்டரியை ஏற்றி, விளக்குகளையும் ஓட்டும். இது ஒருவழிப் பாதை. பேட்டரி நிறைய இருந்தும் சுவர் பிளக்கில் ஏன் எதுவும் வரவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். திரும்பி வரும் வழி வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் தேவை. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பிளக் வேலை செய்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் 12 வோல்ட் பக்கம்: கன்ட்ரோல் பேனலின் மெயின் சுவிட்ச், பேட்டரி அருகே உள்ள பியூஸ், பேட்டரி முனை, இந்த வரிசையில் பாருங்கள். விளக்கு எரிகிறது, பிளக் வேலை செய்யவில்லை என்றால் கேபிள், மின்பெட்டி, பிரேக்கர். வெளி மின்சாரம் மாட்டியிருக்கும்போதே இரண்டாம் நாள் மாலை விளக்கு மங்கினால் சார்ஜர் ஓடவில்லை. அதுவரை சத்தமில்லாமல் பேட்டரிதான் விளக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கேபிளை எந்த முனையில் முதலில் மாட்டுவது?

கேரவன் முனை முதலில், மின்பெட்டி கடைசியில். கழற்றும்போது மின்பெட்டி முதலில். இப்படிச் செய்தால் கையில் பிடித்திருக்கும் கேபிளிலோ ஈரப் புல்லில் கிடக்கும் முனையிலோ எந்நேரமும் மின்சாரம் இருக்காது.

மாட்டும் முன் உள்ளே ஹீட்டர், மைக்ரோவேவ் போன்ற பெரியவற்றை அணைத்துவிடுங்கள். சில மின்பெட்டிகளில் பிளக்கைச் செருகியபின் வலப்பக்கம் திருகினால்தான் இணைப்பு வரும். அவற்றில் கழற்றும்போது ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். மாட்டியதும் கேரவனின் பிரேக்கர் பெட்டியில் உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்று வெளி மின்சாரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

கேபிள் வழக்கமாக 25 மீட்டர், மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 2.5 சதுர மில்லிமீட்டர், இரு முனையிலும் 16 ஆம்பியர் நீலநிற மூன்று பின் இணைப்பு. மின்பெட்டி ஐந்து மீட்டரில் இருந்தாலும் கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்து, தளர்வாகக் கேரவனுக்கு அடியில் விரித்துப் போடுங்கள். இறுக்கமாகச் சுற்றிய கேபிளில் சூடு வெளியேற வழியில்லை. இரவு முழுவதும் ஹீட்டர் ஓடினால் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய வயர் இந்த வேலைக்கு ஆகாது.

மின்பெட்டியில் 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. எதையெல்லாம் ஓட்டலாம்?

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட், 10 என்றால் 2,300, 16 என்றால் 3,680. அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் எல்லாம் அடங்க வேண்டும்.

நீங்கள் எதையும் போடுவதற்கு முன்பே பிரிட்ஜ் 150 வாட்டும் சார்ஜர் 250 வாட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். 6 ஆம்பியரில் மிச்சம் சுமார் 980 வாட். வாட்டர் ஹீட்டர் 850 வாட் என்றால் அதோடு சரி. வீட்டில் இருக்கும் 2,000 வாட் கெட்டில் தனியாகவே 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 முதல் 1,000 வாட் வரையுள்ள சிறிய கெட்டில் வாங்கலாம். அடுப்பில் கேஸ் இருக்கும்போது அதுகூட அவசியமில்லை என்பது எங்கள் எண்ணம். மைக்ரோவேவில் ஏமாறாதீர்கள்: கதவில் எழுதியிருக்கும் 800 வாட் என்பது உணவுக்குப் போகும் சூடு. பிளக்கிலிருந்து அது 1,200 வாட் அளவுக்கு இழுக்கும். சரியான எண் பின்பக்கத் தகட்டில் இருக்கும்.

பிரேக்கர் அளவு கொஞ்சம் மிஞ்சினால் உடனே விழாது. உள்ளே சூடேறி, சில நிமிடங்களோ அதற்கு மேலோ கழித்துத்தான் விழும். நேற்று இதே சாமான்கள் எல்லாம் ஓடினவே என்ற குழப்பம் இதனால் வருவது. நேற்று கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தபோது வாட்டர் ஹீட்டர் தற்செயலாக ஓய்வில் இருந்திருக்கும்.

எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

போதாது. எம்சிபி, அதாவது மேலே சொன்ன பிரேக்கர், வயரைக் காப்பாற்றுகிறது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுகிறது. அளவுக்கு மேல் கரண்ட் போனாலோ ஷார்ட் ஆனாலோ எம்சிபி விழும். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வராமல், 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஈரத்தின் வழியாகவோ ஒருவரின் உடல் வழியாகவோ எர்த்துக்குப் போனால் ஆர்சிசிபி 0.3 நொடிக்குள் துண்டிக்கும். சில பெட்டிகளில் இதன் பெயர் ஆர்சிடி என்று இருக்கும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா பிளக்கையும் உருவுங்கள், எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. பிறகு அந்த வரிசையின் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பிடிபடுவது வாட்டர் ஹீட்டர் காயில், அடுத்தது பிரிட்ஜின் ஏசி காயில். பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் காயில் ஈரத்தை இழுத்திருக்கும், அல்லது அதன் உலோக உறையில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் வெளிப்பக்க இணைப்புப் பெட்டியையும் வெளிப்புற பிளக்கையும் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. எல்லா எம்சிபியும் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி விழலாம். பேஸை மட்டும் துண்டிக்கும் எம்சிபி என்றால் நியூட்ரல் இணைந்தே இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது தொட்டால் எம்சிபியால் அதைப் பிரிக்க முடியாது. அப்போது வாட்டர் ஹீட்டர் போன்ற நிலையான கருவிகளை அவற்றின் இணைப்பிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை.

உங்களுடையது நிற்கிறது, மின்பெட்டியில் இருப்பது விழுகிறது என்றால் உங்கள் வண்டியில் குறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டுமே 30 மில்லி ஆம்பியர் என்றால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. கேபிளில் கசிவு என்றால் எப்போதும் மின்பெட்டியில் இருப்பதுதான் விழும். வேறொரு கேபிளை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேஸும் நியூட்ரலும் மாறி வந்தால் என்ன ஆகும்? எல்லாம் ஓடுகிறதே?

ஓடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் அப்போது நியூட்ரலைத்தான் துண்டிக்கும். ஹீட்டரை அணைத்துவிட்டதாக நினைப்பீர்கள், காயிலில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். பியூஸும் தவறான கம்பியில் இருக்கும்.

பிளக்கில் செருகும் மூன்று விளக்கு டெஸ்டர் மலிவானது. புதிய இடத்தில் மாட்டியதும் சுவர் பிளக்கில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முகாம் நடத்துபவரிடம் சொல்லி வேறு மின்பெட்டி கேளுங்கள். திருப்பிச் செருகக்கூடிய இரண்டு பின் பிளக் உள்ள நாடுகளில் பிளக்கைத் திருப்பினாலே சரியாகும். இரு கம்பிகளையும் குறுக்காக மாற்றிய குட்டி அடாப்டர் ஒன்றைச் சிலர் வைத்திருப்பார்கள். வைத்திருந்தால் அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது கழற்றுங்கள். அடுத்த ஊரில் சரியாக இருக்கும் மின்பெட்டியை அதுவே தலைகீழாக்கிவிடும். டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டினால் பேச்சே இல்லை, கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

காரில் இருக்கும் பேட்டரியைக் கேரவனில் வைக்கலாமா?

வேண்டாம். கார் பேட்டரி சில நொடிகள் பெரும் கரண்ட் கொடுக்க மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. அதை மணிக்கணக்கில் மெதுவாக இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். கேரவனுக்கு வேண்டியது கனமான தகடு கொண்ட லெஷர் பேட்டரி அல்லது டீப் சைக்கிள் பேட்டரி. வழக்கமான அளவு 75 முதல் 110 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு).

என் பேட்டரி 100 ஆம்பியர்-அவர். 100-ஐயும் பயன்படுத்தலாமா?

லெட்-ஆசிட் என்றால் 50 என்று கணக்கு வையுங்கள். பாதிக்குக் கீழே இறக்க இறக்க ஆயுள் குறையும். இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகடுகளில் படியும் லெட் சல்பேட் கெட்டியான படிகமாகி, திரும்பவும் கரையாது. பேட்டரி முழுவதும் ஏறியதாகக் காட்டும், ஒரு மணி நேரத்தில் காலியாகும். வாங்கியபோதே பேட்டரி மட்டம் என்ற புகார்களில் பலவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு முறை விட்டுவைத்த கதை இருக்கும்.

ஏற்றுவதும் எதிர்பார்ப்பதை விட மெதுவாகத்தான் நடக்கும். முதல் 80 சதவீதம் விரைவாக ஏறும், கடைசி 20 சதவீதம் பல மணி நேரம் எடுக்கும். மூன்று மணி நேரம் கார் இழுத்து வந்ததால் பேட்டரி நிறைந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மல்டிமீட்டரை டிசி வோல்ட் 20 என்ற இடத்தில் வைத்து, பேட்டரி முனைகளில் நேராகத் தொடுங்கள். லெட்-ஆசிட் பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் முழுவது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 காலி. பேட்டரி ஏறவும் இல்லாமல், இறங்கவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளந்தால்தான் இந்த எண்கள் பொருந்தும். சார்ஜர் ஓடும்போது 13.6 முதல் 14.4 வரை காட்டும். அது சார்ஜர் தரும் வோல்ட், பேட்டரியின் நிலை இல்லை. பம்ப் ஓடும்போது 12.1 காட்டினால் பதறவும் வேண்டாம்.

லித்தியம் பேட்டரியில் இந்த அளவீடு உதவாது. முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில் செங்குத்தாக விழும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மானிட்டர் ஒன்று வேண்டும்.

மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகியபடி பேட்டரியின் இரு முனையையும் தொடாதீர்கள். அது நேரடி ஷார்ட். மீட்டரின் பியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

வெளி மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர், அதை மணியால் பெருக்கினால் ஆம்பியர்-அவர். ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 வாட் எல்இடி விளக்கு ஐந்து, நான்கு மணி நேரம்: 5. 4 ஆம்பியர் பம்ப் மொத்தம் 20 நிமிடம்: 1.3. 30 வாட் டிவி இரண்டு மணி நேரம்: 5. இரண்டு போன்: 3. ஹீட்டர் விசிறி சராசரி 1.5 ஆம்பியர், எட்டு மணி நேரம்: 12. கன்ட்ரோல் பேனலும் சும்மா விழித்திருக்கும் போர்டுகளும் 0.2 ஆம்பியர், 24 மணி நேரம்: 4.8. கூட்டினால் 31.

100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் 50 எடுக்கலாம் என்றால் ஒன்றரை நாள். எது தின்கிறது என்று பாருங்கள். எல்லோரும் அணைத்து அணைத்து எரிப்பது விளக்கை, ஆனால் அது கேட்பது வெறும் 5. குளிர் இரவின் விசிறிதான் 12. அந்தப் பேனலின் 4.8-ஐ யாரும் எண்ணுவதே இல்லை. கம்ப்ரெஸர் வகை பிரிட்ஜ் இருந்தால் கதை மாறும்: 4 ஆம்பியரில் நாளின் 40 சதவீத நேரம் ஓடினாலும் அது மட்டுமே 38.

பிரிட்ஜை 12 வோல்ட்டில் வைத்துவிட்டுத் தூங்கினோம், காலையில் பேட்டரி காலி. ஏன்?

கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும், சூட்டைக் கொண்டே குளிராக்கும் அப்சார்ப்ஷன் பிரிட்ஜில் 12 வோல்ட் என்பது சாலையில் கார் ஓடும்போது மட்டும் பயன்படுத்த. அதன் காயில் 120 முதல் 175 வாட், அதாவது 10 முதல் 15 ஆம்பியர், இடைவிடாமல் இழுக்கும். இன்ஜின் ஓடாதபோது இதைத் துண்டிக்க ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இருக்கும். உங்கள் பேட்டரி காலியானது என்றால் அந்த ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது முந்தைய உரிமையாளர் வயரை மாற்றியிருக்கிறார்.

நிறுத்தியதும் கேஸுக்கோ 230-க்கோ மாற்றுங்கள். 12 வோல்ட்டில் அது உள்ளே ஏற்கெனவே இருக்கும் குளிரைத் தக்கவைக்கும், புதிதாகக் குளிராக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய இரவே 230-இல் ஓட்டிக் குளிரவைப்பது நல்லது.

ஆனால் சாலையிலும் குளிர் நிற்கவில்லையே?

வயரைப் பாருங்கள். கார் பேட்டரியிலிருந்து பிரிட்ஜ் வரை ஆறு மீட்டர் என்றால் போகவர 12 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 ஆம்பியர் போனால் வழியிலேயே சுமார் 1.25 வோல்ட் தொலைந்துவிடும். 12.8 புறப்பட்டால் 11.5 போய்ச் சேரும். காயிலின் சூடு வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால் ஐந்தில் ஒரு பங்கு சூடு போச்சு. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கு இறங்கும். பிளக்கின் பின்கள் பச்சை பூத்திருந்தால் அது தனி நஷ்டம்.

புதிய கார்களில் இன்னொரு காரணம் உண்டு. எரிபொருள் மிச்சப்படுத்த அவற்றின் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) நடுநடுவே வோல்ட்டைக் குறைத்துவிடும். பிரிட்ஜும் சாகும், கேரவன் பேட்டரியும் ஏறாது. வருகிற வோல்ட் எதுவானாலும் சரியான வோல்ட்டாக்கித் தரும் டிசி-டிசி சார்ஜர் இதற்குத் தீர்வு.

காரோடு இணைக்கும் பிளக்கில் 13 பின் எதற்கு?

1 முதல் 8 வரை சாலை விளக்குகள்: 1 இடது இண்டிகேட்டர், 2 பின் பனி விளக்கு, 3 இவற்றின் எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பின்விளக்கு, 6 பிரேக் விளக்கு, 7 இடது பின்விளக்கு, 8 ரிவர்ஸ். 9 எப்போதும் 12 வோல்ட், 10 சாவி போட்டால் 12 வோல்ட். 11 பத்தாவதின் எர்த், 13 ஒன்பதாவதின் எர்த். பழைய வண்டிகளில் இதே வேலையை இரண்டு ஏழு பின் பிளக்குகள் செய்யும்.

பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மின்னுகிறது, இண்டிகேட்டர் போட்டால் எல்லாம் மங்குகிறது என்று பேய் பிடித்ததுபோல் நடந்தால் முதலில் 3-ஆம் பின்னின் எர்த்தைப் பாருங்கள். திரும்பும் வழி கிடைக்காத கரண்ட் மற்ற பல்புகளின் வழியாக வழி தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. ஒரு படி பெரியது போடலாமா?

கூடாது. பியூஸ் காப்பது வயரை. 10 ஆம்பியர் வயருக்கு 20 போட்டால் அடுத்து உருகுவது சுவருக்குள் ஓடும் வயர், சுற்றிலும் இருப்பது பலகையும் தெர்மோகோலும். தகட்டு பியூஸின் நிறம் உலகம் முழுக்க ஒன்றே: 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. இடத்துக்கு எவ்வளவு என்பது பியூஸ் பெட்டியின் மூடியில் இருக்கும். பழைய வண்டி வாங்கினால் முதல் நாளே மூடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யாராவது மஞ்சளைச் செருகி வைத்திருப்பார்கள்.

போட்டவுடனே போனால் ஷார்ட். சில நிமிடம் கழித்துப் போனால் அளவுக்கு மேல் இழுப்பு: பம்பில் மண் சிக்கியிருக்கலாம், விசிறி இறுகியிருக்கலாம்.

சோலார் எவ்வளவு வேண்டும்?

100 வாட் பேனல் கூரையில் படுத்த நிலையில், நல்ல வெயில் நாளில், நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கொடுத்தால் 400 வாட்-அவர். சூடு, கோணம், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலரின் இழப்பு கழித்தால் 290 அளவில் நிற்கும், அதாவது 24 ஆம்பியர்-அவர். மேலே போட்ட 31-க்கு 150 வாட் பொருந்தும். மேகமூட்டத்திலும் குளிர்காலத்திலும் கால்பங்குகூட வராது. மரநிழலில் நிறுத்துபவர் கூரைப் பேனலுக்குப் பதில் கேபிளோடு வெளியே வைக்கும் மடிப்புப் பேனல் வாங்குவதே புத்திசாலித்தனம். பேனலின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட வரும் கரண்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரி இல்லாமல் பேனலின் வோல்ட் நேராக உள்ளே வந்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும். பேட்டரிப் பக்க வயரில், பேட்டரிக்கு மிக அருகில் பியூஸ் கட்டாயம்.

இன்வெர்ட்டர் வைத்தால் வீட்டில்போல எல்லாம் ஓடுமா?

கணக்கைப் பாருங்கள். 1,000 வாட் எடுத்தால் 12 வோல்ட் பக்கம் இழப்பையும் சேர்த்து 92 ஆம்பியருக்கு மேல். 1,500 வாட் ஹேர் டிரையர் பத்து நிமிடம் ஓடினால் 23 ஆம்பியர்-அவர், உங்கள் 50-இல் பாதி. அதோடு 139 ஆம்பியர் சுமையில் ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரியின் வோல்ட் சரிந்து, இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். லேப்டாப், கேமரா சார்ஜர் என்றால் 300 வாட் இன்வெர்ட்டர் தாராளம். சூடாக்கும் எதையும் பேட்டரியிடம் கேட்காதீர்கள்.

பெரியது வைத்தே தீர வேண்டுமென்றால் விரல் பருமனுள்ள குட்டையான வயர், பேட்டரி அருகிலேயே பியூஸ், வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தரும் தூய சைன் அலை வகை இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரின் வெளியீட்டை ஒரு கேபிள் வழியாகக் கேரவனின் வெளி இணைப்பில் செருகுவது சிலர் செய்யும் குறுக்குவழி. அப்போது சார்ஜரும் அதில் ஓடும், பேட்டரி தன்னைத் தானே ஏற்றிக்கொள்ள முயன்று வீணாகும். வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே வயரிங்கில் சந்திக்காதபடி மாற்று சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா?

வெளி மின்சாரம் இல்லாத இடங்களில் அடிக்கடி தங்குபவர் மாறலாம். 100 ஆம்பியர்-அவரில் 80-க்கு மேல் பயன்படும், எடை லெட்-ஆசிட்டில் பாதி. எப்போதும் கேபிள் மாட்டித் தங்குபவருக்கு அந்தப் பணம் வீண்.

பேட்டரியை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. சார்ஜரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும், 13.6-இல் நிற்கும் பழைய சார்ஜர் அதை முழுக்க நிறைக்காது. காரிலிருந்து நேராக ஏற்றினால் அது கேட்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடேறும், எனவே டிசி-டிசி சார்ஜர் தேவை. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏற்றக் கூடாது. பேட்டரியைக் கண்காணித்துக் காக்க உள்ளே இருக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் அதைத் தடுக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஜெனரேட்டரில் மாட்டினால் டெஸ்டர் விசித்திரமாகக் காட்டுகிறதே?

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. டெஸ்டர் குழம்பும், ஆர்சிசிபியும் எதிர்பார்த்தபடி விழாமல் போகலாம். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையிலேயே இணையுங்கள். ஜன்னலிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

சில மாதம் நிறுத்தி வைக்கும்போது என்ன செய்வது?

அலாரமும் டிராக்கரும் 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர். நாற்பது நாளில் பேட்டரி பாதி. பேட்டரியை முழுக்க ஏற்றி, முனையைக் கழற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை அளந்து 12.4-க்குக் கீழே போனால் ஏற்றுங்கள். காப்பீடு டிராக்கர் ஓட வேண்டும் என்று கேட்டால் ஒரு சிறிய சோலார் பேனல் அதைத் தாங்கும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸை அவிழ்க்கும் ஸ்பேனர் சேஸிஸில் இடித்தாலும் அப்போது பொறி பறக்காது. பேட்டரியில் கேஸ் வெளியேற்றும் குழாய் இருந்தால் அதை வெளிப்பக்கம் விடுங்கள். ஏறும்போது வருவது ஹைட்ரஜன். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் பேட்டரியை வைக்காதீர்கள்.

எதை நானே செய்யலாம்?

12 வோல்ட் பக்கம் பியூஸ் மாற்றுவது, முனை சுத்தம் செய்வது, விளக்கு மாற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் செய்யலாம். வயர்களை முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஓடும் வண்டியின் அதிர்வில் அவிழும். சரியான அளவு லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) வைத்து, கிரிம்பரால் நசுக்கி இறுக்குங்கள், அதாவது கிரிம்ப் செய்யுங்கள். 230 வோல்ட் பக்கம் உங்கள் வேலை டெஸ்ட் பொத்தானை அழுத்துவதோடும் கேபிளில் வெட்டு, கருகல் இருக்கிறதா என்று பார்ப்பதோடும் முடிகிறது. பெட்டியின் மூடியைத் திறப்பது தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. பழைய கேரவன் வாங்கியிருந்தால் முதல் பயணத்துக்கு முன்பே அவரை ஒருமுறை வரவழையுங்கள்.

வண்டியில் என்ன சாமான் வைத்திருக்க வேண்டும்?

மல்டிமீட்டர், மூன்று விளக்கு டெஸ்டர், ஒவ்வொரு நிறத்திலும் மூன்று பியூஸ், பேட்டரி முனைக்குப் பொருந்தும் ஸ்பேனர், நல்ல கிரிம்பரும் கொஞ்சம் லக்கும், டார்ச். சோலாருக்கும் இன்வெர்ட்டருக்கும் முன்னால் வாங்க வேண்டியது அந்த மல்டிமீட்டர்.